பூங்காவில நிக்கிற சிலை யாரோட கதைக்குது?

கொஞ்ச நாளைக்கு முந்தி கொழும்புக்குக் கிட்ட ஒரு சின்னப் பூங்காவுக்குப் போனனான். அங்க புதுசா ஒரு சிலை வைச்சிருந்தவை, நாலு பேர் கையைக் கோத்துக்கொண்டு வட்டமா நிக்கினம், ஒராள் வேட்டி, ஒராள் சாரம், ஒராளுக்குத் தலையில தொப்பி, மற்றது ஒசரி எண்ட கண்டிச் சேலை கட்டின ஒரு பொம்பிளை. வேலை வடிவாத்தான் இருந்தது, விரல் நகம் வரைக்கும் செதுக்கியிருந்தவை. கீழ கறுப்புக் கல்லில மூண்டு மொழியில எழுதியிருந்தது. சிங்களம் சரி, இங்கிலீஷ் சரி, தமிழ் மட்டும் "இச்சீலை ஒற்றுமையின் சின்னமாக" எண்டு தொடங்குது. சிலை இல்லை, சீலை. ஒரு சுழிதான் வித்தியாசம்.

எனக்கு அந்த இடத்தில கோவம் வரேல்ல, மனசுதான் ஒரு மாதிரி விழுந்து போச்சு. எங்களையும் சேர்த்துத்தான் செய்திருக்கினம், வேட்டி கட்டின ஆள் அங்க நிக்கிறார், ஆனா எங்களோட கதைக்கிற அந்த ஒரு வரிய மட்டும் தமிழ் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டி "இது சரியோ" எண்டு கேக்க ஒருத்தருக்கும் தோணேல்ல. அண்டையில இருந்து எந்தச் சிலையைப் பாத்தாலும் ஒரே கேள்விதான் எனக்கு, இது யாரைக் காட்டுது எண்டது இல்லை, இது யாரோட கதைக்குது எண்டது. "பன்மைத்துவத்தைக் கொண்டாடுற பொதுச் சிற்பம்" எண்டு இப்ப கனபேர் பாவிக்கிற சொல்லை, சிற்பம் பற்றி ஒண்டுமே தெரியாத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கொண்டுதான் சொல்லப்போறன்.

முதல்ல பொதுச் சிற்பம் எண்டா என்ன? கோயிலில இருக்கிறதும் சிலைதான், ஆனா அதுக்கு ஆகமம் இருக்கு, அளவு இருக்கு, சிற்பி கடைசியாக் கண் திறக்கிறதுக்கு நேரம் இருக்கு, கும்பாபிஷேகம் இருக்கு, நாங்க குளிச்சு முழுகி அதைத் தேடிப் போறம். மியூசியத்தில இருக்கிறதும் சிலைதான், அதுக்கு டிக்கெட் எடுக்கவேணும், தொடக்கூடாது. பூங்காவில நிக்கிறது இது ரெண்டும் இல்லை. அதை ஒருத்தரும் தேடிப் போறேல்ல, அதுதான் எங்கட வழியில நிக்குது. வேலைக்குப் போறவர் அதைக் கடந்து போறார், காகம் அதின்ர தலையில இருக்கும், சின்னப்பிள்ளையள் ஏறி விளையாடும், மழைக்கு ஒதுங்கிற ஆள் அதின்ர பீடத்தில பையை வைப்பார். பாக்க விரும்பாதவையும் ஒவ்வொரு நாளும் பாத்தே ஆகவேணும். அதாலதான் பொதுச் சிற்பத்துக்கு ஒரு பொறுப்பு வருது. பிடிக்கேல்ல எண்டு திருப்பி வைக்கிறதுக்கு இது வீட்டுச் சுவரில மாட்டின படம் இல்லையே.

இது வெள்ளைக்காரரோட வந்த பழக்கம் எண்டு சிலபேர் நினைக்கினம். குதிரையில இருக்கிற கவர்னர் மாதிரிச் சிலையள் அவையோட வந்ததுதான், உண்மை. ஆனா வழியில கல்லு நடுறது எங்களுக்குப் புதுசு இல்லை. நடுகல் எண்டு சங்க காலத்தில இருந்தே இருக்கு, சண்டையில செத்த வீரனுக்கு ஊரெல்லையில கல் நட்டு அவன்ர பேரையும் பெருமையையும் அதில எழுதினவை. தொல்காப்பியம் அதுக்கு ஆறு படி சொல்லுது. நல்ல கல்லைத் தேடிப் பாக்கிறது காட்சி, அதை எடுக்கத் தொடங்கிறது கால்கோள், தண்ணியில நீராட்டுறது நீர்ப்படை, பிறகு நடுகல், அதுக்குப் பிறகு படையல் போட்டுச் சிறப்புச் செய்யிற பெரும்படை, கடைசியா வாழ்த்து. வடிவாப் பாருங்கோ, ஆறில ஒண்டுதான் கல்லை நடுறது, மிச்ச அஞ்சும் சனம் கூடிச் செய்யிற வேலை. இண்டைக்கு நாங்க அந்த நடுவில இருக்கிற ஒண்டை மட்டும் வைச்சுக்கொண்டு, ரிப்பன் வெட்டி ஃபோட்டோ எடுத்துப்போட்டு வீட்ட போறம். கனக்கச் சிலையள் ஏன் ஒருத்தருக்கும் ஒட்டாம நிக்குது எண்டதுக்கு எனக்கு இது பெரிய காரணமாப் படுது.

சிலப்பதிகாரத்தில இந்த முறையிலதான் கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்தில இருந்து கல் கொண்டுவந்து சிலை எடுக்கிறான். அந்த விழாவுக்கு வந்த அரசர்களில ஒராள் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு". எங்கட கிழக்கிலயும் வன்னியிலயும் கண்ணகை அம்மன் எண்டு கும்பிடுறம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு எவ்வளவு சனம் போகுது எண்டு தெரியும்தானே, அதே தெய்வத்தைச் சிங்கள ஆக்கள் பத்தினி தெய்யோ எண்டு கும்பிடினம், கொழும்புக்குக் கிட்ட நவகமுவவில அவவுக்குப் பெரிய தேவாலயம் இருக்கு. ரெண்டு மொழியில ரெண்டு பேரோட ஒரே அம்மா. இதுக்கு ஒருத்தரும் "பன்மைத்துவத் திட்டம்" எண்டு பேர் வைக்கேல்ல, சனம் தானாவே செய்துகொண்டது.

இனி அந்தப் பன்மைத்துவம் எண்ட விசயத்துக்கு வருவம். கொழும்பு மாநகரத்துக்குள்ள எந்த ஒரு இனமும் பாதிக்கு மேல இல்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எண்டு மூண்டு பேரைச் சொல்லி முடிச்சா மலாய் ஆக்களை விட்டுட்டம், பறங்கியரை விட்டுட்டம், பரதரை, கொழும்புச் செட்டிமாரை, போராக்களை, மேமன்களை, பார்சிகளை எல்லாம் விட்டுட்டம். தமிழர் எண்டதுக்குள்ளயே வெள்ளவத்தையில இருக்கிற யாழ்ப்பாணத்து ஆக்களும், கொட்டாஞ்சேனையில தலைமுறை தலைமுறையா இருக்கிறவையும், மலையகத்தில இருந்து வேலைக்கு வந்தவையும் ஒரே மாதிரிக் கதைக்கிறேல்ல. இவ்வளவு பேரையும் ஒரு கல்லுக்குள்ள எப்பிடிக் கொண்டுவாறது? இதுதான் சிற்பிக்கு முன்னால இருக்கிற சிக்கல்.

லேசான வழி, நான் மேல சொன்ன மாதிரி ஆளுக்கொரு உடுப்புப் போட்டு வரிசையா நிப்பாட்டுறது. பள்ளிக்கூடக் கலைவிழாவில செய்யிறது மாதிரி. பிழை எண்டு சொல்லமாட்டன், ஆனா அதில ஒரு குறை இருக்கு. உடுப்பை வைச்சு ஆளைக் காட்டினா அந்த ஆள் அந்த உடுப்புக்குள்ளயே மாட்டுப்பட்டுடுவார். என்ர அப்பா வாழ்க்கையில வேட்டி கட்டினது கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும்தான், மிச்ச நாள் முழுக்கச் சாரமும் பெனியனும். அந்தச் சிலையில எங்கட ஆள் எண்டு நிக்கிறவர் எங்கட வீட்டில ஒருத்தரையும் மாதிரி இல்லை. அதோட வரிசை எண்டா எப்பவும் ஒராள் விடுபடும், நாலு பேரை வைச்சா அஞ்சாவது ஆள் கேப்பார், அஞ்சு வைச்சா ஆறாவது.

வேற நாடுகளில இந்தச் சிக்கலை எப்பிடிக் கையாண்டிருக்கினம் எண்டு ரெண்டு உதாரணம் சொல்லுறன், ரெண்டும் ஒண்டுக்கொண்டு நேர் எதிர்.

கனடாவில ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷனுக்கு முன்னால 1985 இல ஒரு சிலை வைச்சவை, செய்தவர் பிரான்செஸ்கோ பெரில்லி எண்ட இத்தாலியச் சிற்பி, ரொறன்ரோ போய் வந்த எங்கட சொந்தக்காரர் கனபேர் அதைக் கடந்துதான் ரயில் ஏறியிருப்பினம். உலக உருண்டை மாதிரி வளைஞ்ச கம்பியள், நடுவில ஒரு மனுசன், அவன் ரெண்டு கம்பியைப் பிடிச்சு ஒண்டாச் சேர்க்கிறான், மிச்சக் கம்பியளைப் புறாக்கள் தூக்குது. அவன் எந்த நாட்டு ஆள் எண்டு தெரியாது, உடுப்பே இல்லை. அதுதான் அந்தச் சிற்பி எடுத்த முடிவு, ஒவ்வொருத்தராக் காட்டாம எல்லாருக்கும் பொதுவான ஒரு உடம்பைக் காட்டுறது. இதே சிலையை வேற நாலு நகரத்திலயும் வைச்சிருக்கினம், அதில ஒண்டு பொஸ்னியாவின்ர சரஜேவோ. அங்க 1992 இல இருந்து 1996 வரைக்கும் நகரத்தையே முற்றுகையில வைச்சிருந்தவை, சிலை வந்தது 1997 இல. ரொறன்ரோவில அது ஸ்டேஷன் வாசலில நிக்கிற ஒரு வடிவான சாமான், சரஜேவோவில அதே உருவம் ஷெல் விழுந்த ஒரு நகரத்தின்ர நடுச் சதுக்கத்தில, ஒரு ஓர்த்தொடொக்ஸ் கிறிஸ்தவத் தேவாலயத்துக்குப் பக்கத்தில நிக்குது. உருவம் ஒண்டு, அர்த்தம் வேற. இடம்தான் பாதி அர்த்தத்தைக் குடுக்குது எண்டு இதைவிட வடிவா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சதுக்கத்தில நிலத்தில பெரிய செஸ் போர்ட் ஒண்டு கீறியிருக்கு, வயசான ஆம்பிளையள் சுத்தி நிண்டு முழங்கால் உயரக் காய்களை நகர்த்தி விளையாடுவினம், பக்கத்தில நிண்டு பாக்கிறவை ஆளுக்கொரு யோசனை சொல்லுவினம். என்னைக் கேட்டா அந்த விளையாட்டும் சேர்ந்துதான் அந்தச் சிலை.

மற்றது டென்மார்க்கில, கொப்பன்ஹேகன் நகரத்தில நோரெப்ரோ எண்ட இடம். 60க்கு மேற்பட்ட நாட்டு ஆக்கள் இருக்கிற ஏரியா அது. 2012 இல அங்க சூப்பர்கிலன் எண்டு முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா திறந்தவை. அதில பெரிய சிலை எண்டு ஒண்டும் இல்லை. அதுக்குப் பதிலா அங்க இருக்கிற ஆக்களிட்ட, உங்கட ஊரில இருந்து இந்தப் பூங்காவுக்கு என்ன சாமான் வரவேணும் எண்டு கேட்டிருக்கினம். மொரோக்கோவில இருந்து ஒரு நீரூற்று, தாய்லாந்தில இருந்து பொக்சிங் மேடை, ஜப்பானில இருந்து ஒக்டோபஸ் மாதிரிப் பெரிய சறுக்கு, இப்பிடி வந்து சேர்ந்தது. ரெண்டு பெண்பிள்ளையள் பலஸ்தீனத்துக்கே போய் மண் கொண்டுவந்து போட்டிருக்கினம். எனக்கு இதில கூடப் பிடிச்சது ஒரு சின்ன விசயம், ஒவ்வொரு சாமானுக்குப் பக்கத்திலயும் நிலத்தில ஒரு சின்னத் தகடு பதிச்சு, அது என்ன, எங்க இருந்து வந்தது எண்டு டேனிஷிலயும் அந்தச் சாமான் வந்த ஊரின்ர மொழியிலயும் எழுதியிருக்கினம். சாமானோட சேர்த்து மொழியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம். குறை சொன்னவையும் உண்டு, சாமானை வைச்சா மட்டும் ஆக்களுக்கு மரியாதை வந்துடுமோ எண்டு கேட்டவை, அது நியாயமான கேள்விதான். எண்டாலும் கேட்டு வைச்சதுக்கும் கேக்காம வைச்சதுக்கும் வித்தியாசம் கட்டாயம் இருக்கு.

இப்ப எங்கட விகாரமகாதேவிப் பூங்காவுக்கு வருவம், கறுவாத்தோட்டத்தில, வெள்ளை மாநகர சபைக் கட்டடத்துக்கு முன்னால. முந்தி இதுக்கு விக்டோரியா பார்க் எண்டு பேர், எங்கட அம்மம்மா கடைசி மட்டும் அப்பிடித்தான் சொன்னவ. மாநகர சபையைப் பாத்துக்கொண்டு தங்க நிறத்தில பெரிய புத்தர் இருக்கிறார். உள்ள போனா உலகப் போரில செத்தவைக்கான நினைவுத்தூண் இருக்கு, வடிவமைச்சவர் எட்வின் லட்யன்ஸ், புது தில்லியைக் கட்டினவர்தான். அது 1923 இல காலிமுகத்திடலில வைச்சது, ரெண்டாம் உலகப் போர் வரேக்க, கடலில இருந்து பாக்கிற எதிரிக்கு அது அடையாளமாப் போயிடும் எண்டு பயந்து கழட்டிக்கொண்டுவந்து இஞ்ச திரும்பக் கட்டினவை. அவ்வளவு பெரிய கல்லுத்தூணே இடம் மாறி வந்திருக்கு, பூங்காவுக்குப் பேர் மாறியிருக்கு. ஒரு பூங்காவில இருக்கிற ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு காலத்தில அதிகாரத்தில இருந்தவை எழுதின ஒரு வரி எண்டு நினைச்சுப் பாத்தீங்க எண்டா எல்லாம் வேற மாதிரித் தெரியும்.

விகாரமகாதேவி ஆர் எண்டா துட்டகைமுனு எண்ட சிங்கள அரசன்ர அம்மா. அந்தப் பேரைக் கேட்டா எங்களுக்கு உடனே அவனோட சண்டை பிடிச்ச தமிழ் அரசன் எல்லாளன்தான் ஞாபகம் வரும், பள்ளிக்கூடத்தில படிச்ச அந்தச் சண்டைதான் வரும். ஆனா அந்தச் சண்டையைச் சொல்லுற மகாவம்சம் எண்ட பழைய பாளி நூலிலயே ஒரு விசயம் இருக்கு, கனபேர் அதைச் சொல்லுறேல்ல. எல்லாளனைத் தோற்கடிச்ச பிறகு கைமுனு, அவர் விழுந்த இடத்தில நினைவுச்சின்னம் எழுப்பி, வணக்கம் செலுத்தச் சொல்லி, அந்த வழியாப் போற ஆக்கள் மேளதாளத்தை நிப்பாட்டவேணும் எண்டு உத்தரவு போட்டானாம். மகாவம்சம் எழுதின காலத்திலயும் அரசகுமாரர்கள் அவ்விடத்தால போகேக்க வாத்தியத்தை நிப்பாட்டினவை எண்டு அதிலயே இருக்கு. அந்த நினைவுச்சின்னத்தின்ர உருவம் எனக்கு முக்கியம் இல்லை, அந்த இடத்தில மேளம் நிக்குது எண்டதுதான் முக்கியம். ஒரு கல்லு வழியில போற ஆளை ஒரு நிமிசம் மாத்துது. சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கு?

இதையும் சொல்லத்தான் வேணும், எங்கட நாட்டில புதுசா ஒரு சிலை வருது எண்டு கேட்டா சந்தோசப்படுறதுக்கு முந்திப் பயப்படுற ஆக்கள் இருக்கினம். இது எங்கட இடம் எண்டு சொல்லுறதுக்காகவே சில இடங்களில சிலை வந்திருக்கு. அந்தப் பயம் உள்ள ஆளிட்டப் போய் "இது பன்மைத்துவம்" எண்டு சொன்னா அவர் நம்பமாட்டார், முதல்ல தன்னைக் கேட்டவையோ எண்டுதான் பாப்பார். 

நல்ல உதாரணமும் கொழும்பிலயே இருக்கு. பேர வாவிக்கு நடுவில இருக்கிற சீமா மாலகம், 1970களில ஜெஃப்ரி பாவா வடிவமைச்சது, கங்காராம விகாரைக்குச் சொந்தம், பௌத்தர்களின்ர தியான இடம். அதுக்குக் காசு குடுத்தது மூசாஜி எண்ட ஒரு முஸ்லிம் தம்பதி, செத்துப்போன தங்கட மகன்ர ஞாபகமா. அரச மரம் நிக்கிற மேடையின்ர நாலு மூலையிலயும் இந்துத் தெய்வங்களுக்குச் சின்னச் சின்னக் கோயில் இருக்கு. பிள்ளையைப் பறிகுடுத்த தாய் தகப்பன் வேற சமயத்து ஆக்களுக்கு உக்கார ஒரு அமைதியான இடம் கட்டிக்குடுத்திருக்கினம்.

பூங்காவுக்குப் பக்கத்திலதான் தேசிய அருங்காட்சியகம், 1877 இல திறந்தது. அதே 1877 இலதான் ஆனந்த குமாரசுவாமி கொழும்பில பிறந்தவர், அப்பா தமிழர், அம்மா இங்கிலாந்துக்காரி, 1908 இல இவர் எழுதின பெரிய ஆய்வு சிங்களக் கைவினைகள் பற்றி, பிறகு உலகத்துக்கு நடராசர் வடிவத்தை விளங்கப்படுத்தினதும் இவர்தான். அந்தப் பக்கத்து றோட்டுக்கு இவற்ற பேர் வைச்சிருக்கினம், வருசத்தில ஒருக்கா அங்கதான் கலா பொல நடக்குது, 1993 இல இருந்து, ஓவியரும் சிற்பியரும் றோட்டோரம் தங்கட வேலையைப் பரப்பி வைப்பினம். சிற்பம் பழக விரும்புற ஆள் முதல்ல போகவேண்டிய இடம் அது, ஏனெண்டா செய்த ஆளே பக்கத்தில நிக்கும், கேட்டா சொல்லும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ர பெறாமகனை அந்த மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான், ஒன்பது வயசு. அவன் பொலன்னறுவையில எடுத்த நடராசரை ஒருக்காப் பாத்திட்டு ஓடிட்டான், நான் அவனை இழுத்துக்கொண்டு போய் நிப்பாட்டினது ஒரு கல்லுக்கு முன்னால. காலி மும்மொழிக் கல்வெட்டு. கிட்டத்தட்ட அஞ்சடி உயரம், ரெண்டரை அடி அகலம், அஞ்சு அங்குலம் தடிப்பு. மேல வளைவில ரெண்டு ட்ராகன் முகம் பாத்துக்கொண்டு நிக்குது. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேல தமிழ், அதுக்குக் கீழ பாரசீகம். தேஞ்சு போயிருக்கு, நேரா நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது, கொஞ்சம் சரிஞ்சு வெளிச்சம் பக்கவாட்டில விழுற மாதிரி நிண்டாத்தான் எழுத்து எழும்பி வரும். அவன் நாலைஞ்சு தரம் தலையைச் சரிச்சுப் பாத்திட்டு "பெரியம்மா, இது ‘ம’ மாதிரி இருக்கு" எண்டு கத்தினான், காவலுக்கு நிண்டவர் திரும்பிப் பாத்தார்.

இந்தக் கல்லு 1409 ஆம் ஆண்டு எண்டு தேதி போட்டுச் சீனாவில செதுக்கினது, செங் ஹ எண்ட சீனக் கடற்படைத் தளபதி கப்பலில கொண்டுவந்து காலியில வைச்சவர். பிறகு மறைஞ்சு போச்சு. 1911 இல காலியில ஒரு இஞ்சினியர் கண்டெடுக்கேக்க அது ஒரு மதகுக்கு மூடியாக் கிடந்திருக்கு. இதில பெரிய அதிசயம் என்னெண்டா மூண்டு மொழியும் ஒண்டின்ர மொழிபெயர்ப்பு மற்றது இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை வைக்குது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில இருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியல் மூண்டிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, எண்ணெய் எண்டு போகுது. ஒருத்தருக்குக் கூடுதலும் இல்லை, ஒருத்தருக்குக் குறைவும் இல்லை. ஒவ்வொருத்தரிட்டயும் அவையின்ர மொழியில, அவையின்ர கடவுளின்ர பேர் சொல்லிக் கதைக்குது. பாவம் பாத்துத் தமிழைச் சேர்க்கேல்ல, அந்தக் காலத்தில இந்தக் கடல் வியாபாரத்தில தமிழ் இல்லாம ஓடாது. சீனாவின்ர சுவான்சௌ துறைமுகத்திலயே 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்டு கிடைச்சிருக்கு. 600 வருசத்துக்கு முந்தி கடலுக்கு அங்கால இருந்த ஒரு அரசாங்கம் தமிழ் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிச்சு எழுதுவிச்சிருக்கு, 1987 இல அரசியலமைப்பின்ர 13 ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி எண்டு சட்டத்திலயே வந்த நாட்டில எங்கட பூங்காவில சிலை சீலையாப் போகுது. அந்தக் கல்லுக்கு முன்னால நிக்கேக்க எனக்கு அதுதான் தொண்டையில வந்து நிண்டது.

நாங்க நிக்கேக்கயே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வரிசையா வந்தவை, வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல். டீச்சர் சிங்களத்தில கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போறா, சீனம், தமிழ், பாரசீகம் எண்டு விரலால காட்டுறா. ஒரு பிள்ளை, பன்னிரண்டு வயசு இருக்கும், கிட்டப் போய்க் குனிஞ்சு கல்லை மேல இருந்து கீழ வரைக்கும் தேடிப்போட்டு, "சிங்ஹல கோ, டீச்சர்?" எண்டு கேட்டா. சிங்களம் எங்க? டீச்சர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "நே, புதே" எண்டா, இல்லை மகள் எண்டு. அந்தப் பிள்ளை பிறகும் கல்லைப் பாத்துக்கொண்டு நிண்டா, முகத்தில ஒரு மாதிரி ஒரு வாட்டம். எனக்கு அந்த முகம் நல்லாத் தெரியும். சீலை எண்டு எழுதின கல்லுக்கு முன்னால நான் அப்பிடித்தான் நிண்டிருப்பன்.

நான் அவ்வளவு நேரமும் அந்தக் கல்லை ஒரு குறையும் இல்லாத கல்லு எண்டு நினைச்சு ரசிச்சுக்கொண்டு நிண்டனான். இந்தத் தீவில வைச்ச கல்லு, இந்தத் தீவில ஆகக் கூடுதலாப் பேசுற மொழி அதில இல்லை எண்டது எனக்குத் தெரியாத விசயம் இல்லை, ஆனா அந்தப் பிள்ளை கேக்கும் வரைக்கும் நான் அதை உணரேல்ல. என்ர மொழி அதில இருந்ததால நான் தேடேல்ல. இன்னொண்டும் இருக்கு, அந்தக் கல்லைக் கொண்டுவந்த கப்பல்கள்தான் பிறகு கோட்டை அரசோட சண்டை பிடிச்சு, 1411 இல இஞ்ச இருந்த அரசனைப் பிடிச்சுக்கொண்டு சீனாவுக்குப் போனது. மூண்டு கடவுளுக்கும் சமனாக் காணிக்கை வைச்ச அதே கை. சிலையில எழுதியிருக்கிறதை மட்டும் வாசிச்சாக் காணாது, வைச்ச ஆள் ஆர், எதுக்கு வைச்சவர் எண்டும் கேக்கவேணும்.

அதால ஒரு பூங்காச் சிலைக்கு முன்னால முதல் தரம் நிக்கிற ஆளுக்கு நான் சொல்லுறது இதுதான். முகத்தை மட்டும் பாத்திட்டுப் போகாம ஒரு சுத்துச் சுத்துங்கோ, பின்பக்கத்தையும் முன்பக்கம் மாதிரிக் கவனமாச் செய்திருக்கினமோ எண்டு பாருங்கோ. பீடம் எவ்வளவு உயரம் எண்டு பாருங்கோ, அண்ணாந்து பாக்கவைக்கிற சிலை ஒரு விதமாக் கதைக்கும், கண்ணுக்கு நேர நிக்கிறது வேற விதமாக் கதைக்கும். வெண்கலம் எண்டா எந்த இடம் மினுங்குது எண்டு தேடுங்கோ, மிச்சம் எல்லாம் பச்சை பத்திக் கறுத்துப் போயிருக்க ஒரு கை மட்டும், ஒரு முழங்கால் மட்டும் பளபளக்கும், சனம் தொட்டுத் தொட்டு வந்த மினுக்கம் அது, எந்த இடம் சனத்துக்குப் பிடிச்சது எண்டு அதில தெரியும். பலகையை வாசியுங்கோ, உங்கட மொழியில சரியா இருக்கோ எண்டு பாருங்கோ, அதோட மற்ற மொழியளும் சரியோ எண்டு அந்த மொழி தெரிஞ்ச ஒராளிட்டக் கேளுங்கோ, ஆற்ற மொழி இல்லை எண்டும் பாருங்கோ.

என்னத்தில செய்தது எண்டதும் முக்கியம்தான், குறிப்பாக் கொழும்பில, உப்புக் காத்து எல்லாத்தையும் தின்னும். கொங்கிரீட் மலிவு, ஆனா ஒரு சின்ன வெடிப்பால தண்ணி உள்ள போனா கம்பி துருப்பிடிச்சு வீங்கி, உள்ள இருந்தே உடைக்கும், கை விரல் உதிர்ந்து கம்பி நீட்டிக்கொண்டு நிக்கிற சிலை நீங்களும் பாத்திருப்பீங்க. கருங்கல்லு நிக்கும், ஆனா மெல்லிசான வேலை செய்யிறது கஷ்டம். வெண்கலம் செம்பும் தகரமும் கலந்தது, எங்கட கோயில் விக்கிரகம் மாதிரி மெழுகில உருவம் செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில உலோகத்தை வாக்கிறது, செலவு கூட, ஆனா நூற்றாண்டுக் கணக்கா இருக்கும். எதில செய்தாலும் வருசா வருசம் கழுவித் துடைக்க ஒராள் வேணும், அதுக்கு முதலே காசு ஒதுக்கவேணும்.

அண்டைக்கு மியூசியத்தால வெளிய வந்து பூங்காவுக்குள்ள நடந்தம், மாங்காய் அச்சாறு வாங்கித் தின்டதில அவனுக்குத் தண்ணி விடாய், போத்தில் காலி. அப்பதான் கேட்டன், நீ இந்தப் பூங்காவில ஒரு சிலை வைக்கிறது எண்டா என்ன வைப்பாய் எண்டு. "பைப்" எண்டான். தண்ணி பைப். முதல்ல விடாயில சொல்லுறான் எண்டுதான் நினைச்சன், பிறகு யோசிக்க யோசிக்க எனக்கு அது சரியாப் பட்டுது. வெசாக்குக்கு றோட்டு றோட்டாத் தன்சல் எண்டு சும்மா சாப்பாடும் குடிக்கவும் குடுக்கிற பந்தல் போடுறவை, எங்கட தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுறம், நோன்புக்குப் பள்ளியில கஞ்சி குடுக்கினம், பக்கத்து வீட்டு ஆள் எந்தச் சமயம் எண்டாலும் அந்தக் கஞ்சி எங்கட வீட்டுக்கும் வந்திருக்கு. கொழும்பில எல்லாருக்கும் பொதுவா ஒண்டு இருக்கு எண்டா அது வெயிலில வாற ஆளுக்குக் குடிக்கக் குடுக்கிறதுதான். அதைக் கல்லில செய்யலாமே, ஒரு நல்ல சிற்பியிட்டக் குடுத்து, மொரோக்கோ நீரூற்றைக் கொப்பன்ஹேகனில வைச்ச மாதிரி, சனம் குனிஞ்சு கையேந்திக் குடிக்கிற மாதிரி ஒண்டு.

டிக்கெட்டின்ர பின்பக்கத்தில கீறிக் காட்டினான். ரெண்டு பைப், ஒண்டு உயரத்தில, மற்றது கீழ, தங்கச்சிக்கு எட்டவேணுமாம். சுத்திவர உக்காரக் கல்லு. முன்னால ஒரு பெரிய பலகை, அதில மேல "தண்ணீர்" எண்டு எழுதி, கீழ மூண்டு கட்டம் வெறுமையா விட்டிருந்தான். ஏனடா எழுதேல்ல எண்டு கேட்டன். சிங்களம் எப்பிடி எழுதுறது எண்டு அந்த அக்காட்டக் கேக்கவேணும் எண்டான்.